கொம்பியூட்டர் இடாப்பைப் புதுப்பிக்கும்போது நிறமும் குறிப்பும் இடம் மாறாமல் இருக்க



இந்தப் பாடத்தை இரண்டு சாராருக்காக எழுதுகிறேன். தோட்டத்து ஒபீஸிலோ பிள்ளை மடுவத்திலோ மரண உதவிச் சங்கத்திலோ எக்ஸெல்லில் பெயர்ப் பட்டியல் வைத்திருக்கும் எங்கள் பிள்ளைகள் ஒரு சாரார். அந்தப் பட்டியலில் பெயர் இருக்கும் நீங்கள் மற்றச் சாரார். கொம்பியூட்டரைத் தொடாதவர்களும் கட்டாயம் வாசிக்க வேண்டும். பட்டியலில் பிழை வந்தால் ஒரு நாள் பேர் இழப்பது பட்டியல் போட்டவர் அல்ல, மலையில் கொழுந்து எடுக்கிறவர்தான்.

முதலில் நான் செய்த பிழையைச் சொல்கிறேன்.

எங்கள் டிவிஷனில் ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர்களின் பட்டியல் ஒன்றை நான் வைத்திருந்தேன். ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் வேலையிலிருந்து ஓய்வு பெறும்போது எடுக்கலாம். தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 8 வீதமும் நிர்வாகத்தின் பங்காக 12 வீதமும் சேர்ந்த காசு அது. முப்பது வருஷம் கொழுந்துக் கூடை சுமந்தவருக்கு மொத்தமாகக் கையில் கிடைக்கும் பெரிய தொகை. ஆனால் எங்கள் ஆட்களில் பலருக்கு செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொரு பெயர். ஒரு எழுத்து வித்தியாசம் என்றாலும் விண்ணப்பம் திரும்பி வரும். ஆகவே பெயர் வேறாக உள்ளவர்களை முன்கூட்டியே கண்டுபிடித்து, சத்தியக் கடதாசி எடுத்து வைப்பது என் வேலைகளில் ஒன்று.

ஒபீஸில் வேலை செய்த தம்பி ஒருவர் நல்ல மனதோடு ஒரு வசதி செய்து கொடுத்தார். ஒபீஸ் செக்ரோல் பைலை என் பட்டியலோடு இணைத்துவிட்டார். "ஐயா, இனி நீங்க ஒண்ணும் டைப் பண்ணத் தேவையில்ல. மாசம் ஒருக்கா ரிப்ரெஷ் அமத்துங்க, புது ஆளு, நின்ன ஆளு எல்லாம் தானா வரும்" என்றார். எனக்குப் பெரிய சந்தோசம். பெயர் வேறாக உள்ளவர்களின் வரிசைக்கு மஞ்சள் நிறம் அடித்தேன். காகிதம் கொடுத்து முடித்தவர்களின் வரிசையை வெள்ளையாக விட்டேன். ஓரத்தில் ஒரு நிரல் சேர்த்து "கடதாசி தந்தாச்சு", "பிறப்புச் சான்றிதழ் வேண்டும்" என்று குறிப்பும் எழுதினேன்.

அடுத்த மாதம் ரிப்ரெஷ் அமத்தினேன். புதிதாக இரண்டு பேர் வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள். பெயர் அகரவரிசைப்படி அவர்கள் நடுவில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்குக் கீழே இருந்த எல்லாப் பெயர்களும் இரண்டு படி இறங்கின. நிறமும் குறிப்பும் இறங்கவில்லை, இருந்த இடத்திலேயே இருந்தன. பட்டியல் பார்ப்பதற்கு முன்போலவே வடிவாக இருந்ததால் நான் கவனிக்கவில்லை.

கடதாசி எல்லாம் முறையாகத் தந்த அக்கா ஒருவரை மூன்று தடவை கூப்பிட்டு அனுப்பினேன். மூன்றாம் தடவை வந்தவர், "என்னங்க ஐயா, இதே கடதாசியத்தான அன்னிக்கும் குடுத்தேன். இதோட மூணு பேரு போச்சுங்க" என்றார். அப்போதும் எனக்கு விளங்கவில்லை, கோவைக்குள் எங்கோ தவறிவிட்டது என்று நினைத்தேன். அதைவிட மோசமானது இன்னொரு அக்காவுக்கு நடந்தது. உண்மையில் மஞ்சளாக இருக்க வேண்டிய அவருடைய பெயர் வெள்ளை வரிசைக்கு வந்துவிட்டது. "உங்களுக்கு ஒன்றும் தேவையில்லை அக்கா" என்று நானே சொல்லி அனுப்பினேன். அவர் 50 முடிந்து விண்ணப்பம் போட்டபோது பெயர் வித்தியாசம் என்று திரும்பி வந்தது. மகளின் கல்யாணத்துக்கு என்று வைத்திருந்த காசு பல மாதம் பிந்திப்போனது. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக ஒப்பிட்டுப் பார்த்தேன்.

இது ஏன் நடந்தது?

பழைய செக்ரோல் புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். கணக்கப்பிள்ளை ஐயா ஒரு பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்தால், அந்தப் புள்ளி அந்தப் பெயரை விட்டுப் போகாது. பெயரும் வரியும் ஒன்று. கொம்பியூட்டரில் அப்படி இல்லை. அங்கே கலம் என்பது ஒரு பெட்டி. பெட்டிக்குள் இருக்கும் பெயர் ஒன்று, பெட்டிக்கு அடித்த நிறம் வேறொன்று. ரிப்ரெஷ் செய்யும்போது பெட்டிக்குள் இருப்பதை வெளியே கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புகிறது. பெட்டியின் நிறம் அப்படியே நிற்கிறது.

பாடப் புத்தகத்தில் படுக்கையாகப் போகும் வரிசையை நிரை என்றும், மேலிருந்து கீழே போவதை நிரல் என்றும் சொல்வார்கள். நிரை என்றால் எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. காலையில் கங்காணி மலையில் நிரை பிடித்துக் கொடுக்கிறார். நேற்று மூன்றாம் நிரையில் நின்ற அக்காவுக்குச் சுகமில்லை, பாரம் தூக்கக் கூடாது என்று மூன்றாம் நிரையின் தலைப்பில் ஒரு கொடி கட்டினீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று புதிதாக இரண்டு பேர் வந்து, அந்த அக்கா ஐந்தாம் நிரைக்குப் போய்விட்டார். கொடி மூன்றாம் நிரையில்தான் நிற்கும். நான் செய்தது அதைத்தான். ஆளுக்குக் கட்ட வேண்டிய கொடியை நிரைக்குக் கட்டினேன்.

இன்னொரு விஷயமும் என்னை ஏமாற்றியது. நாமே கையால் பட்டியலை அகரவரிசைப்படுத்தினால், அதாவது சோர்ட் செய்தால், நிறமும் பெயரோடு சேர்ந்தே நகரும். நான் பல தடவை அப்படிச் செய்து பார்த்திருக்கிறேன். அதனால் ரிப்ரெஷ்ஷிலும் அப்படித்தான் நடக்கும் என்று நம்பிவிட்டேன்.

சரி, எப்படித் திருத்துவது?

குறிப்புகளை ரிப்ரெஷ் ஆகும் பட்டியலில் எழுதவே கூடாது. அதே பைலில் இன்னொரு தாள் திறந்து, அதற்குக் "குறிப்பு" என்று பெயர் வையுங்கள். அதில் மூன்று நிரல் போதும்: ஆளின் இலக்கம், நிலைமை, திகதி. இந்தத் தாளை எந்த ரிப்ரெஷ்ஷும் தொடாது. நீங்கள் கையால் எழுதுவது மட்டும்தான் இதில் இருக்கும்.

பிறகு பெரிய பட்டியலின் கடைசி நிரலில் வீ-லுக்கப் என்ற சூத்திரத்தைப் போடுங்கள். அதற்கு நான்கு விஷயம் சொல்லிக் கொடுக்க வேண்டும். எதைத் தேடுவது: அந்த நிரையில் உள்ள ஆளின் இலக்கம். எங்கே தேடுவது: குறிப்புத் தாளில். எத்தனையாவது நிரலில் உள்ளதைக் கொண்டு வருவது: நிலைமை இருக்கும் இரண்டாவது நிரல். நான்காவதாக போல்ஸ் என்றோ 0 என்றோ கொடுக்க வேண்டும். பலர் இந்த நான்காவதை விட்டுவிடுகிறார்கள். விட்டால் கொம்பியூட்டர் சரியான இலக்கம் கிடைக்காதபோது கிட்டத்தட்டப் பொருந்தும் இன்னொருவரின் குறிப்பைக் கொண்டுவந்து போடும். பிழை என்று ஒரு சொல்லும் சொல்லாது. நான்காவதைக் கொடுத்தால், ஆள் இல்லாத இடத்தில் என்-ஏ என்று காட்டும். அது பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று சில பிள்ளைகள் மறைத்துவிடுகிறார்கள். மறைக்காதீர்கள். "இவர் புதியவர், இவருடைய காகிதம் இன்னும் பார்க்கப்படவில்லை" என்பதற்கு அதுவே அடையாளம்.

பட்டியல் எக்ஸெல்லின் டேபிள் வடிவில் இருந்தால், புதிதாக வரும் நிரைகளுக்கும் சூத்திரம் தானாக இறங்கும். இப்போது பெயர் எங்கே போனாலும் குறிப்பு இலக்கத்தைத் தேடிக்கொண்டு பின்னாலேயே போகும்.

நிறத்தையும் கையால் அடிக்க வேண்டாம். ஹோம் பட்டையில் கொன்டிஷனல் போர்மட்டிங் என்று ஒன்று இருக்கிறது. அதில் நியூ ரூல் எடுத்து, கடைசியில் உள்ள சூத்திரம் எழுதும் வகையைத் தெரிவு செய்யுங்கள். நிலைமை நிரலில் "பெயர் வேறு" என்று இருந்தால் நிரை முழுவதும் மஞ்சள் என்று சட்டம் எழுதலாம். எழுதும்போது நிரலின் எழுத்துக்கு முன்னால் டொலர் குறி போட மறக்க வேண்டாம். போடாவிட்டால் ஒவ்வொரு கலமும் தனக்கு நேரான வேறொரு நிரலைப் பார்க்கும், நிறம் கண்டபடி விழும். நீங்கள் சட்டத்தில் எழுதிய சொல்லும் குறிப்பில் எழுதும் சொல்லும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒருவர் "பெயர் வேறு" என்றும் மற்றவர் "பெயர்வேறு" என்றும் எழுதினால் இரண்டாமவரின் ஆளுக்கு நிறம் வராது. குறிப்புத் தாளின் நிலைமை நிரலுக்கு டேட்டா வெலிடேஷன் மூலம் நான்கைந்து சொற்களை மட்டும் தெரிவாக வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இனி, எந்த இலக்கத்தைப் பிடித்துத் தேடுவது? பெயரைப் பிடித்துத் தேடக் கூடாது. ஒரே டிவிஷனில் ஒரே பெயரில் நான்கு அக்கா இருப்பார்கள், எங்களுக்கு அது தெரியும். செக்ரோல் இலக்கம் நல்லது, ஆனால் நின்றுபோனவரின் இலக்கம் பிறகு வேறொருவருக்குக் கொடுக்கப்படுகிறதா என்று ஒபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள். கொடுக்கப்பட்டால் பழையவரின் குறிப்பு புதியவரின் தலையில் விழும். சேமலாப நிதி இலக்கமோ அடையாள அட்டை இலக்கமோ அதைவிடப் பாதுகாப்பு.

அடையாள அட்டை என்றால் ஒரு சிக்கல் உண்டு. பழைய அட்டையில் 9 இலக்கமும் ஒரு ஆங்கில எழுத்தும். 2016 ஜனவரியிலிருந்து வழங்கப்படும் அட்டைகளில் 12 இலக்கம். ஒரே ஆள் ஒரு பைலில் பழைய இலக்கத்திலும் மற்றப் பைலில் புது இலக்கத்திலும் இருந்தால் கொம்பியூட்டருக்கு அவர்கள் இரண்டு ஆட்கள். பழையதைப் புதியதாக மாற்றுவது லேசு. கடைசி எழுத்தை எடுத்துவிட்டு, முன்னால் 19 சேர்த்து, பழைய இலக்கத்தின் முதல் ஐந்து எண்களுக்குப் பிறகு ஒரு 0 சேர்க்க வேண்டும். அந்த ஐந்தில் முதல் இரண்டும் பிறந்த வருஷம், அடுத்த மூன்றும் வருஷத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டியிருப்பார்கள். 72543 என்று தொடங்கினால் 1972ஆம் ஆண்டு 43ஆம் நாள், அதாவது பெப்ரவரி 12 பிறந்த பெண். பிறந்த திகதி பிழையாகப் பதிந்திருக்கிறதா என்று பார்க்கவும் இது உதவும்.

12 இலக்கத்தை எக்ஸெல்லில் சாதாரணமாக அடித்தால் அது 1.97 என்று தொடங்கி, நடுவில் ஒரு ஆங்கில எழுத்தும் கூட்டல் குறியும் 11ம் வரும்படி சுருக்கிக் காட்டும். பயப்பட வேண்டாம், இலக்கம் உள்ளே இருக்கிறது. ஆனால் அப்படியே அச்சடித்துக் கொடுத்தால் யாருக்கும் பயன் இல்லை. தொலைபேசி இலக்கத்தின் முன்னால் உள்ள 0 உண்மையாகவே காணாமல் போகும். இவற்றுக்கு, அடிப்பதற்கு முன்பே அந்த நிரலை டெக்ஸ்ட் என்று மாற்றிவிட வேண்டும். இணைத்த பட்டியல் என்றால், இணைக்கும் இடத்திலேயே, அதாவது பவர் குவெரியில், அந்த நிரலின் வகையை டெக்ஸ்ட் ஆக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு ரிப்ரெஷ்ஷிலும் 0 திரும்பத் திரும்பப் போகும். தேடும் இலக்கம் ஒரு தாளில் டெக்ஸ்ட் ஆகவும் மற்றத் தாளில் எண்ணாகவும் இருந்தால் வீ-லுக்கப்பும் கண்டுபிடிக்காது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், தலை சுற்றும்.

லயக் காம்பரா இலக்கத்திலும் கவனம். மூன்றாம் லயம் நான்காம் காம்பரா என்பதை 3/4 என்று அடித்துப் பாருங்கள். கொம்பியூட்டரின் அமைப்பைப் பொறுத்து அது ஏப்ரல் 3 ஆகவோ மார்ச் 4 ஆகவோ மாறிவிடும். இது எங்களுக்கு மட்டும் வந்த வினை அல்ல. மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழுவே 2020 இல் சில மரபணுக்களின் பெயரை மாற்ற வேண்டி வந்தது. மார்ச்-1, செப்ட்-1 என்ற மாதிரிப் பெயர்களை எக்ஸெல் திகதியாக மாற்றிக்கொண்டே இருந்ததுதான் காரணம். விஞ்ஞானிகளுக்கே அப்படி என்றால் நாங்கள் எம்மாத்திரம். 2023 இல் எக்ஸெல்லில் இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் வசதி வந்தது, ஆனால் பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் டெக்ஸ்ட் முறையையே பிடிக்க வேண்டும்.

எழுத்துரு விஷயம் எங்கள் பக்கத்தில் பெரிய தலையிடி. பல ஒபீஸ்களில் பெயர்களைப் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருக்கிறார்கள். பாமினியில் நாம் தமிழ் என்று பார்ப்பது கொம்பியூட்டருக்கு உள்ளே ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஒரு அரைப்புள்ளியும்தான். மேலே தமிழ்ச் சட்டை போட்டிருக்கிறது, அவ்வளவே. இணைத்த பட்டியலுக்கு வரும்போது சட்டை வராது, எழுத்து மட்டும் வரும். உடனே பெயர்கள் எல்லாம் வாய்க்கு வராத ஆங்கிலமாகத் தெரியும். நிரலுக்கு மறுபடியும் பாமினி போட்டால் சரியாகும். ஆனால் யுனிகோட் எழுத்தில் அடித்த பெயர் ஒன்றும் பாமினிப் பெயர் ஒன்றும் ஒருநாளும் பொருந்தாது. ஒரு தடவை கஷ்டப்பட்டு எல்லாவற்றையும் யுனிகோட்டுக்கு மாற்றிவிடுவதுதான் நல்லது. மாற்றிய பிறகு ஒவ்வொரு பெயரையும் வாசித்துப் பார்க்க வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளி ஒன்று தவறினாலும் அது வேறு பெயர்.

இனி வெளித்தோற்றம். பட்டியலுக்குள் ஒரு கலத்தில் கிளிக் செய்து, டேட்டா பட்டையில் புரொப்பர்டீஸ் திறந்தால் சில சரி அடையாளங்கள் இருக்கும். அட்ஜஸ்ட் கொலம் வித் என்பதை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் ஒவ்வொரு ரிப்ரெஷ்ஷிலும் நிரல்களின் அகலத்தைத் தன் இஷ்டத்துக்கு மாற்றும். நான் ஒரு தடவை அச்சடிக்க அக்குறணைக் கடைத்தெருவுக்குப் பைலைக் கொண்டு போனேன். மழை, பிங்கா ஓயா பெருகி ரோட்டில் தண்ணீர் ஏறும் முன் திரும்ப வேண்டும் என்ற அவசரம். அச்சடித்ததைப் பார்க்காமல் எடுத்து வந்தேன். கையொப்ப நிரல் மட்டும் தனியாக இரண்டாவது தாளில் விழுந்திருந்தது. பெயர் ஒரு தாளில், கையொப்பம் இன்னொரு தாளில். அத்தனையும் வீண். அகலத்தை நிலையாக வைத்த பிறகு ஏதாவது கலத்தில் வேலி போல் குறிகள் மட்டும் தெரிந்தால், நிரல் ஒடுக்கம் என்று அர்த்தம். இழுத்து அகலமாக்கினால் சரி.

பிரிசேர்வ் செல் போர்மட்டிங் என்பது இருக்கட்டும். எழுத்தின் அளவு, கோடு, திகதி காட்டும் விதம் எல்லாம் அதனால் காப்பாற்றப்படும். ஆனால் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது காப்பாற்றுவது பெட்டியின் நிறத்தை, ஆளின் நிறத்தை அல்ல. பிவட் டேபிள் வைத்து டிவிஷன் வாரியாகக் கூட்டிப் பார்ப்பவர்களுக்கும் இதே போன்ற இரண்டு அடையாளங்கள் பிவட் டேபிள் ஒப்ஷன்ஸில் லேஅவுட் பக்கத்தில் இருக்கின்றன. ஓட்டோபிட் என்று தொடங்குவதை எடுத்துவிட்டு மற்றதை விடுங்கள்.

ரிப்ரெஷ் செய்வதற்கு முன்னும் பின்னும் மொத்தம் எத்தனை பேர் என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். 2020 இல் இங்கிலாந்தில் கொரோனா தொற்றியவர்களில் 15,841 பேர் சில நாட்கள் கணக்கிலிருந்து விடுபட்டுப் போனார்கள். பழைய எக்ஸெல் பைல் வகையில் ஒரு தாளில் 65,536 நிரைதான் கொள்ளும் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. எங்கள் பட்டியலில் அத்தனை பேர் இல்லை. ஆனால் 412 பேர் இருந்த இடத்தில் 409 வந்தால், அந்த மூன்று பேர் யார் என்று அன்றைக்கே கேட்க வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தை அடித்த பிறகு, வீடு இழந்தவர், இடம் மாறியவர் என்று பட்டியல்கள் நாளுக்கு நாள் மாறின. அந்த மாதிரி வேளையில் ஒரு நிரை விடுபட்டால் அது ஒரு குடும்பம்.

தோழர்களே, உங்கள் பக்கத்திலும் ஒரு வேலை உண்டு. ஏதாவது காகிதம் கொடுத்தால் கொடுத்த திகதியை வீட்டில் எழுதி வையுங்கள், முடிந்தால் ஒரு போட்டோப் பிரதியும் வையுங்கள். "உங்களுக்கு ஒன்றும் தேவையில்லை" என்று என்னைப் போல ஒருவர் சொன்னால், "ஐயா, என் இலக்கத்தப் போட்டு ஒருக்கா பாருங்க" என்று கேளுங்கள். பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டாம். சம்பளத் துண்டில் சேமலாப நிதி இலக்கம் இருக்கிறதா, ஒவ்வொரு மாதமும் அதே இலக்கமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். கோபித்தாலும் பரவாயில்லை.

அச்சடிக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் ரிப்ரெஷ் செய்த திகதியையும் மொத்தப் பேரையும் போடுங்கள். முதல் நிரலில் இலக்கம், இரண்டாவதில் பெயர், கடைசியில் கையொப்பம். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், கறுப்பு வெள்ளை பிரிண்டரில் மஞ்சள் தெரியாது. நிலைமைச் சொல்லும் தாளில் இருக்கட்டும்.